"டீச்சர் நல்ல ஸ்ட்ரிக்ட்"

எங்கள் ஹல்துமுல்லைப் பக்கத்தில் ஓர் ஆசிரியரைப் புகழ வேண்டுமென்றால் பெற்றார் நீளமாகப் பேசமாட்டார்கள். "அந்த டீச்சர் நல்ல ஸ்ட்ரிக்ட்" என்பார்கள். அதே ஆசிரியரைக் குறை சொல்ல வேண்டுமென்றாலும் அதே சொல்தான். "அந்த டீச்சர் சரியான ஸ்ட்ரிக்ட்." முன்னால் வரும் 'நல்ல', 'சரியான' இரண்டையும் சொல்கிற குரலை வைத்துத்தான் எது புகழ், எது முறைப்பாடு என்று நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

அண்மைக்காலமாக ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே புலம்பல். "பிரம்பை வாங்கிவிட்டார்கள், கையைக் கட்டிப் போட்டுவிட்டார்கள், இனி எப்படி ஸ்ட்ரிக்டாக இருப்பது?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்களில் நான் மதிக்கிற மூத்த ஆசிரியர்களும் இருக்கிறார்கள். ஆகவே இதைக் கேலியாகக் கடந்து போக எனக்கு மனமில்லை. ஆனால் அந்தக் கேள்வியில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஸ்ட்ரிக்ட் என்ற சொல்லை நாங்கள் எல்லோரும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பாவிக்கிறோம், அது என்ன சொல் என்று ஒரு தடவையாவது பிரித்துப் பார்த்திருக்கிறோமா? பதிவு கொஞ்சம் நீளம். ஒரு பிளேன்டீயை ஊற்றிக்கொண்டு வாசியுங்கள். அந்தப் பிளேன்டீக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது.

முதலில் சொல்லின் பிறப்பு. ஸ்ட்ரிக்ட் லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். லத்தீனில் 'ஸ்ட்ரிங்கெரே' என்று ஒரு வினைச்சொல். இறுக்கிக் கட்டுவது, இழுத்து முடிவது என்று பொருள். அப்படிக் கட்டப்பட்டது 'ஸ்ட்ரிக்டஸ்'. விறகுக் கட்டைத் தலையில் தூக்குவதற்கு முன் கயிற்றைக் காலால் மிதித்து ஓர் இழுப்பு இழுப்பார்களே, அந்த இழுப்புத்தான் இந்தச் சொல்லின் உயிர்.

ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் அதற்கு 'கண்டிப்பு' என்ற பொருள் பெரிதாக இருக்கவில்லை. இறுக்கமான, நெருக்கமான, ஒடுங்கிய என்றுதான் பாவித்தார்கள். பிறகு கயிற்றை விட்டுச் சட்டத்துக்குப் போனது: இறுக்கமான விதி, தளர்வு கொடுக்காத கட்டளை. அங்கிருந்து அந்த விதியை அமுல்படுத்துகிற மனிதருக்குப் போனது. ஸ்ட்ரிக்டான அதிபர், ஸ்ட்ரிக்டான டீச்சர். இன்னொரு கிளை 'துல்லியம்' என்ற பக்கம் போனது. ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரிக்ட்லி ஸ்பீக்கிங்' என்றால் கோபமாகப் பேசுவது அல்ல. பிசகில்லாமல், சரியான பொருளில் சொல்வதென்றால் என்று அர்த்தம். கடித உறையில் 'ஸ்ட்ரிக்ட்லி கொன்பிடென்ஷியல்' என்று போட்டால் 'முழுக்க முழுக்க' என்று அர்த்தம். ஆக இறுக்கம், கடுமை, துல்லியம், முழுமை என்று நாலு பொருள் இருக்கிறது. நாங்கள் பாடசாலையில் இந்த நாலில் ஒன்றை, கடுமையை மட்டும், பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

இனி அந்தச் சொல்லின் சொந்தக்காரர்களைப் பாருங்கள். எல்லோரும் எங்கள் ஊரில்தான் நடமாடுகிறார்கள்.

நீரிணைக்கு ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரெய்ட்' என்பார்கள். இரண்டு கரைகளுக்கு நடுவே நெருக்கப்பட்ட கடல். இதுவும் ஸ்ட்ரிக்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று பிரெஞ்சு வழியாகச் சுற்றி முந்தி வந்தது, மற்றது லத்தீனிலிருந்து நேரே பிந்தி வந்தது. நேர்கோட்டைக் குறிக்கிற 'ஸ்ட்ரெய்ட்' வேறு சொல், எழுத்தும் வேறு, பிள்ளைகள் இரண்டையும் குழப்புவார்கள். 1763 முதல் 1767 வரை சென்னையில் ஆளுநராக இருந்த ரொபர்ட் போக்கின் பெயரைத் தாங்கிய பாக்கு நீரிணையும், அதற்குத் தெற்கே உள்ள மன்னார்க் கடலும் தாண்டித்தான் என் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் பலரின் பூட்டன் பூட்டி இந்த மலைக்கு வந்தார்கள். முதலில் வள்ளங்களில் வந்தார்கள், 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு அதில் வந்தார்கள்.

'டிஸ்ட்ரிக்ட்', எங்கள் மாவட்டம். இதுவும் அதே வேர். ஐரோப்பாவில் ஒரு பிரபுவுக்கு ஆட்களைப் பிடித்து வைக்கவும், கடனுக்குப் பொருளைப் பறிமுதல் செய்யவும் அதிகாரமுள்ள எல்லையைத்தான் அந்தச் சொல் ஆதியில் குறித்தது. பதுளை மாவட்டம் என்று விண்ணப்பப் படிவத்தில் எழுதும்போது அந்தப் பழைய கயிறு எங்கோ கீழே கிடக்கிறது. தோட்டத்துச் சரித்திரம் தெரிந்தவர்களுக்கு இது புதினமாக இராது. ஒரு தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று ஒரு துண்டில் எழுதி, அந்தக் கடனைக் கட்டுகிற தோட்டத்துக்கு ஆளை மாற்றி விட்ட 'துண்டு முறை' இந்த நாட்டில் இருந்தது. 1921இல்தான் சட்டம் போட்டு அதைத் தடை செய்தார்கள். கயிறு கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் கட்டு இல்லை என்று ஆகிவிடாது.

'ஸ்ட்ரெஸ்'ஸும் இந்தக் குடும்பம். இறுக்கிப் பிடித்தால் உள்ளே வருகிற நெருக்கடி. பிளேன்டீ வடிக்கிற 'ஸ்ட்ரெய்னர்', அந்த வடியும் இதே குடும்பம். பிழிந்து இறுக்கி எடுப்பது. கடைசியாக அந்தப் பிளேன்டீயின் துவர்ப்பு. ஆங்கிலத்தில் 'அஸ்ட்ரின்ஜன்ட்' என்பார்கள், அதற்குள்ளும் அதே 'ஸ்ட்ரிங்கெரே' இருக்கிறது. தேயிலையில் உள்ள பொலிபினோல்கள் எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துக் கட்டிவிடுவதால்தான் வாய் இழுத்துப் பிடித்தது மாதிரி இருக்கிறது. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை வரண்ட காற்று வீசும் காலத்து ஊவாத் தேயிலைக்கு உலகத்தில் தனிப் பெயர். அந்தப் பெயரில் வாசத்துக்கும் பங்கு, இந்தத் துவர்ப்புக்கும் பங்கு. துவர்ப்பே இல்லாத தேத்தண்ணி வெறும் சுடுதண்ணி. துவர்ப்பு மட்டும் உள்ளதை ஒருவரும் குடிக்கமாட்டார்கள். இதை ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

இன்னும் ஒன்று. லத்தீன்காரர்கள் இதே வினைச்சொல்லை மரத்திலிருந்து இலையை உருவுவதற்கும் பாவித்தார்கள், உறையிலிருந்து வாளை உருவுவதற்கும் பாவித்தார்கள். தமிழிலும் பாருங்கள், இலையையும் உருவுகிறோம், வாளையும் உருவுகிறோம், சுருக்குக் கயிறும் உருவு கயிறுதான். ஆனால் கொழுந்து எடுக்கிற ஓர் அம்மாவிடம் போய்க் கேளுங்கள். உருவிப் பறிப்பது பறிப்பே இல்லை, ஒரு மொட்டும் இரண்டு இலையும் பார்த்து எடுப்பதுதான் பறிப்பு என்பார். கை அவசரத்தில் உருவினால் அடுத்த சுற்றுக்குச் செடியில் ஒன்றும் இராது.

சரி, எங்கள் மொழிகள் இதற்கு என்ன சொல்கின்றன? ஹல்துமுல்லையில் ஒரு பிள்ளையின் காதில் நாலு மொழி விழுகிறது. நாலும் நாலு விதமாகச் சொல்கின்றன.

தமிழில் 'கண்டிப்பு'. கண்டித்தல் என்றால் அகராதியில் வெட்டுதல், துண்டித்தல் என்றும் பொருள் இருக்கிறது. 'கண்டதுண்டமாக வெட்டினான்' என்கிறோமே, அந்தக் கண்டம்தான், துண்டு. ஆங்கிலக்காரன் கட்டுகிறான், நாங்கள் வெட்டுகிறோம். கண்டிப்பான ஆசிரியர் என்றால் ஆதிப் பொருளில் தேவையில்லாததை வெட்டுகிறவர். தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவருக்குத் தெரியும், வெட்டு என்பது எவ்வளவு பொறுப்பான வேலை என்று. எந்த உயரத்தில் வெட்டுவது, எந்தக் கிளையை விடுவது என்று தெரியாதவர் கையில் கத்தியைக் கொடுக்கமாட்டார்கள்.

சிங்களத்தில் பிள்ளைகள் 'ஸெற' என்பார்கள். ஸெற டீச்சர். அதே சொல்லைத்தான் மிளகாய்க்கும் சொல்கிறார்கள். உறைப்பு. உறைப்பு எவ்வளவு போட வேண்டும் என்பது சாப்பிடுகிறவரின் வாயைப் பொறுத்தது. சமைக்கிறவரின் கோபத்தைப் பொறுத்தது அல்ல.

அரபியில் 'ஷதீத்'. கடுமையான, வலிமையான என்று பொருள். அதன் வேர் 'ஷத்', இறுகக் கட்டுவது. பாருங்கள், லத்தீனும் அரபியும் ஒன்றுக்கொன்று சொந்தமில்லாத மொழிகள். இருந்தாலும் இரண்டும் கயிற்றிலிருந்துதான் கடுமைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. மக்தபில் ஓதிய எல்லோருக்கும் 'ஷத்து' தெரியும். எழுத்துக்கு மேலே சின்னதாகப் பல்லுப் பல்லாய் ஓர் அடையாளம். அது வந்தால் அந்த எழுத்தை அழுத்தி, இரட்டித்து ஓத வேண்டும். நான் இதைப் பல நாள் யோசித்திருக்கிறேன். ஷத்து வந்தால் எழுத்து அழிவதில்லை, குறைவதில்லை. ஒன்றாக இருந்தது இரண்டாகிறது. இறுக்கம் என்பதன் வேலை அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

நாலாவது 'கறார்'. தமிழில் கலந்துவிட்ட சொல், கடைத்தெருவில் 'கறார் விலை' என்பார்கள். இதுவும் அரபியிலிருந்து வந்தது. 'கரார்' என்றால் நிலைபெறுதல், ஓரிடத்தில் தங்குதல், முடிவாகுதல். கறாரான ஆள் என்றால் கத்துகிற ஆள் அல்ல. இன்று ஒன்று நாளை ஒன்று என்று மாறாத ஆள். எங்கள் பெண் பிள்ளைகளுக்குக் 'குர்ரதுல் ஐன்' என்று பெயர் வைக்கிறோம், கண்குளிர்ச்சி. அதிலும் அதே வேரெழுத்துக்கள்தான். கடைக்காரரின் கறாரும் கண்ணின் குளிர்ச்சியும் அகராதியில் பக்கத்துப் பக்கத்து வீடு.

ஆகக் கட்டுவது, வெட்டுவது, உறைப்பது, நிலைத்து நிற்பது. இந்த நாலில் எதிலும் பிரம்பு இல்லை. சொல்லின் வரலாற்றில் இல்லாத பிரம்பை நாங்கள்தான் கொண்டுவந்து சொருகியிருக்கிறோம்.

இங்கே இன்னொரு ஆங்கிலச் சொல்லைப் பிரித்துக் காட்ட வேண்டும், 'ரிஜிட்'. பல பேர் ஸ்ட்ரிக்டும் ரிஜிட்டும் ஒன்று என்று நினைக்கிறார்கள். வேர் வேறு. ரிஜிட்டின் லத்தீன் மூலத்துக்கு விறைத்துப்போதல் என்று பொருள். குளிரில் விறைப்பதும் அதில் சேரும், மார்கழியில் ஹப்புத்தளைக் காற்றில் நாங்கள் 'விறைச்சுப் போயிட்டேன்' என்கிறோமே, அதுதான். மரணித்த உடல் விறைப்பதை வைத்தியர்கள் அதே வேரில் 'ரிகோர் மோர்ட்டிஸ்' என்பார்கள். நீதிமன்றத்தில் கடூழியச் சிறைக்கு ஆங்கிலத்தில் பாவிக்கிற 'ரிகரஸ்' என்ற சொல்லும் அங்கிருந்துதான் வருகிறது. ஆகவே ஸ்ட்ரிக்ட் என்றால் ஒருவர் வேண்டுமென்று போட்ட கட்டு. அதைப் போட்டவருக்கு அவிழ்க்கவும் தெரியும், எங்கே இறுக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று கைக்குத் தெரியும். ரிஜிட் என்றால் விறைப்பு. அதில் கையே இல்லை.

எங்கள் மலைப்பாதைகளில் மண் சரியாமல் கட்டிய மதில்களைப் பார்த்திருப்பீர்கள். ஒழுங்காகக் கட்டிய மதிலில் இடைக்கிடை குழாய்த் துவாரம் விட்டிருப்பார்கள். மழைத்தண்ணீர் மண்ணுக்குள் நின்று தள்ளாமல் வடிந்து போவதற்காக. துவாரம் இல்லாத மதில் பார்க்கப் பலமாகத்தான் இருக்கும். இரண்டு கிழமை அடைமழை பெய்தால் தண்ணீரின் பாரம் தாங்காமல் வயிறு தள்ளி விழுந்துவிடும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி எங்கள் பிரதேசத்து மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அதன் பிறகு மண்ணுக்குள் தேங்குகிற தண்ணீரைப் பற்றி இந்தப் பக்கத்தில் ஒருவருக்கும் பாடம் நடத்தத் தேவையில்லை. பிள்ளைக்கும் அப்படித்தான். மதிலும் வேண்டும், துவாரமும் வேண்டும்.

இனிப் பிரம்பு விஷயத்துக்கு வருகிறேன்.

உடல் ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை தெளிவாகச் சொல்கிறது. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை ஏற்றுக்கொண்டது 1991இல். 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம், ஆசிரியர் ஒருவர் அறைந்ததில் ஒரு மாணவனின் காது பாதிக்கப்பட்ட வழக்கில் தீர்ப்பளித்தது. நீதியரசர் எஸ். துரைராஜா எழுதிய அந்தத் தீர்ப்பு, அது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறிய செயல் என்றது. 11ஆம் உறுப்புரை எதைப் பற்றியது தெரியுமா? சித்திரவதை, கொடூரமான, மனிதாபிமானமற்ற, இழிவான நடத்தை, தண்டனை ஆகியவற்றிலிருந்து ஆட்களைக் காப்பது. சிறைக்கூடத்தைப் பற்றிப் பேசுகிற அதே உறுப்புரைக்குள் வகுப்பறையும் வந்திருக்கிறது. ஆசிரியர்களாகிய எங்களுக்கு இது கோபம் வர வேண்டிய செய்தி அல்ல, தலை குனிய வேண்டிய செய்தி.

"டீச்சர், கண்ண மட்டும் விட்டுட்டு தோல உரிச்சிருங்க" என்று சொல்கிற பெற்றார் இன்னும் இருக்கிறார்கள். அந்த அம்மா பிள்ளையை வெறுத்து அப்படிச் சொல்லவில்லை. தான் படிக்கவில்லை, தன் பிள்ளையாவது இந்த லயத்தை விட்டு வெளியே போக வேண்டும், அதற்கு வழி இந்த டீச்சர் கையில்தான் இருக்கிறது என்ற தவிப்பில் சொல்கிறார். தன்னிடம் இருக்கும் ஒரே சொத்தை எடுத்து எங்கள் கையில் தருகிறார். அதை அடிப்பதற்கான அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்வது நம்பிக்கைத் துரோகம்.

'பிரம்பில்லாமல் கட்டுப்பாடு போய்விட்டது' என்பதில் ஓர் உண்மை இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஒரு வகுப்பில் நாற்பதுக்கு மேல் பிள்ளைகள், கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆசிரியர் இல்லாத பாடசாலைகள், இரவு இரண்டு மணி வரை தொலைபேசியைத் தடவிவிட்டு வருகிற பிள்ளை, தாய் மத்திய கிழக்கில், தகப்பன் கொழும்பில் கடையில். இதையெல்லாம் ஓர் ஆசிரியரின் தலையில் இறக்கிவிட்டு, பிரம்பையும் எடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு பயிற்சியோ ஓர் உளவள ஆலோசகரோ தராமல் 'சமாளியுங்கள்' என்று சொல்வது நியாயமில்லை. அந்த முறைப்பாட்டை நானும் கையெழுத்துப் போட்டு அனுப்பத் தயார். ஆனால் அந்த முறைப்பாட்டின் விடை பிரம்பைத் திருப்பித் தாருங்கள் என்பதல்ல. பிரம்பு இருந்த காலத்திலும் மூன்றாம் தவணைக்கு முன் பாடசாலையை விட்டுப் போன பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்கள் கட்டுப்பாட்டுக்கு வந்ததாகக் கணக்கெழுதியவர்களும் நாங்கள்தான். அடிக்குப் பயந்து கொழும்புக் கடைக்கு ஓடிய பிள்ளை ஒழுக்கமான பிள்ளை அல்ல, இல்லாமல் போன பிள்ளை.

அடிக்காமலேயே விறைப்பாக இருக்கவும் முடியும். முன்பு நான் கடமையாற்றிய ஒரு பாடசாலையில் காலை 7.30க்கு மணி அடித்ததும் கேற்றைப் பூட்டுவார்கள். பிந்தி வந்த பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கும், நேர முகாமைத்துவம். ஆனால் பிந்தி வந்தவர்கள் யார்? தாய் பெரட்டுக்கு விடியவே போய்விடுவார். பெரிய அக்கா தம்பி தங்கைக்கு ரொட்டி சுட்டு, தலை இழுத்து, பிள்ளைக் காம்பராவில் சின்னதை விட்டுவிட்டு, மூன்று கிலோமீற்றர் மழையில் நடந்து வருவாள். பத்து வயது, பதினொரு வயதுப் பிள்ளை. ஏழு நாற்பதுக்கு வந்து நிற்பாள். அவளைத் திருப்பி அனுப்பினால் பூட்டிய லயத்துக்குத்தான் போக வேண்டும். அந்த வாரத்தில் அந்தப் பாடசாலையிலேயே மிகவும் ஒழுக்கமாக நடந்துகொண்டவள் அந்தப் பிள்ளை. எங்கள் கேற்று அவளைத்தான் தண்டித்தது. சப்பாத்து ஈரமாக இருந்ததால் செருப்போடு வந்த பிள்ளைக்கும் அதே கதைதான்.

தோட்டத்தில் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர். காரணம் கேட்கமாட்டார்கள், தராசு காட்டுவதுதான் முடிவு. அந்தக் கணக்கை எதிர்த்து இந்த மலையில் எத்தனையோ வருடங்களாகக் குரல் எழுந்திருக்கிறது. அம்மாவுக்குத் தராசில் நடப்பதைப் பிள்ளைக்குக் கேற்றில் நடத்துவதற்கா பாடசாலை?

இப்படிச் சொன்னவுடன் "அப்ப எல்லாத்தையும் விட்டுடச் சொல்றீங்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. எனக்கு விறைப்பான ஆசிரியரை விடப் பயம் இன்னொருவரைப் பார்த்துத்தான். சிரித்த முகம், ஒரு பிள்ளையையும் ஏசமாட்டார், எல்லோருக்கும் பிடித்தவர். கொப்பி பார்க்கமாட்டார். எட்டாம் தரத்துப் பிள்ளைக்கு ஒரு பந்தியை வாசிக்கத் தெரியவில்லை என்றால் "பாவம், தோட்டத்துப் பிள்ளைதானே, இவ்வளவு போதும்" என்பார். அதைக் கருணை என்று நாங்கள் நினைக்கிறோம். அதை விடப் பெரிய அவமதிப்பு ஒன்று இல்லை. உன்னால் முடியாது என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிட்டுச் சிரிப்பது அது. 1945இல் இலவசக் கல்வி வந்தது என்று பெருமையாகப் படிப்பிக்கிறோம். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்குக் கிடைத்ததற்கு எங்கள் பிள்ளைகள் ஒரு தலைமுறை காத்திருந்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு 'இவ்வளவு போதும்' என்று சொல்ல எங்களுக்கு யார் அதிகாரம் தந்தது? ஒரு பிள்ளையிடம் பெரிதாக எதிர்பார்ப்பது அந்தப் பிள்ளைக்குத் தருகிற மரியாதை. பிழையான விடையைப் பிழை என்று சொல்லி, திரும்ப எழுத வைத்து, திரும்பப் பார்த்து, சரியாகும் வரை விடாமல் நிற்பது, அந்த இறுக்கம் வேண்டும். துவர்ப்பு இல்லாத தேத்தண்ணி வேண்டாம்.

ஆனால் ஒன்று. எந்தக் கயிற்றுக்கும் இரண்டு முனை. விறகைக் கட்டுகிறவர் கயிற்றின் மறு முனையைத் தன் கையில் பிடித்திருக்க வேண்டும். தன் கை தளர்ந்தால் கட்டும் தளரும். பிள்ளையை நேரத்துக்கு வரச் சொல்கிற ஆசிரியர் மணி அடித்ததும் வகுப்பில் நிற்க வேண்டும், அலுவலக வாசலில் கதை பேசிக்கொண்டு நிற்க முடியாது. வெள்ளிக்கிழமை கட்டுரை தர வேண்டும் என்று இறுக்கியவர் திங்கட்கிழமை அதைத் திருத்தித் திருப்பிக் கொடுக்க வேண்டும். தொலைபேசி கூடாது என்றவரின் தொலைபேசி பாடவேளையில் பைக்குள் இருக்க வேண்டும். வைத்தியரின் மகனுக்கு ஒரு விதி, கங்காணியின் மகளுக்கு ஒரு விதி, கொழுந்தெடுக்கிற அம்மாவின் மகனுக்கு ஒரு விதி என்று இருக்கக் கூடாது. இதுதான் கறார். இன்று சிரித்ததற்கு நாளை ஏசாமல் இருப்பது. பிள்ளைகளுக்கு ஸ்ட்ரிக்டான டீச்சரைப் பார்த்துப் பயமில்லை. இன்றைக்கு என்ன மனநிலையில் வருவார் என்று தெரியாத டீச்சரைப் பார்த்துத்தான் பயம்.

இந்தக் கணக்கில் பார்த்தால் 'பிரம்பை எடுத்துவிட்டார்கள், இனி எப்படி ஸ்ட்ரிக்டாக இருப்பது' என்ற கேள்வியே தலைகீழாகிறது. கயிற்றின் ஒரு முனை மட்டும் கையில் இருந்தவர்களுக்குத்தான் பிரம்பு தேவைப்பட்டது. மறு முனையைத் தங்களோடு கட்டிக்கொண்ட ஆசிரியர்கள் இந்த மாவட்டத்தில் முன்பும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். மேசையில் பிரம்பு இருந்த காலத்திலும் அவர்கள் அதைத் தொட்டதில்லை. ஆனாலும் அவர்கள் வந்தால் வராந்தாவில் சத்தம் அடங்கும். அடிக்குப் பயந்து அடங்கிய சத்தம் அல்ல அது.

ஆங்கிலத்தில் ஒழுக்கத்துக்குப் பாவிக்கிற 'டிசிப்ளின்' என்ற சொல்லின் வேரும் கற்றுக்கொள்வதுதான், தண்டனை அல்ல. கல்வியியற் கல்லூரியில் வகுப்பறை முகாமைத்துவம் என்று ஒரு பாடமாக இதைப் படித்தோம், பரீட்சை எழுதினோம், சித்தியடைந்தோம். பாடசாலைக்கு வந்து முதல் நாளே யாரோ ஒரு மூத்தவர் "அதெல்லாம் புத்தகத்தில சேர், இங்க சரிவராது" என்றார். நாங்களும் தலையாட்டினோம். சரிவருமா வராதா என்று செய்து பார்த்தவர்கள் எத்தனை பேர்?

பெற்றாருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையை ஒரு பாடசாலையில் சேர்க்கும்போது "டீச்சர் ஸ்ட்ரிக்டா?" என்று தாராளமாகக் கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அத்தோடு விடாமல் மூன்றையும் கேளுங்கள். பிள்ளையின் கொப்பியில் சிவப்புப் பேனை கடைசியாக எப்போது பட்டது? போன மாதம் எத்தனை பாடவேளை ஆசிரியர் இல்லாமல் போனது? பிள்ளை பிந்தி வந்த நாளில் "ஏன் பிந்தியது?" என்று யாராவது கேட்டார்களா?

ஆசிரிய நண்பர்களே, உங்கள் பாடசாலையில் பிரம்பில்லாமல் எதைச் செய்து சரிவந்தது என்பதை எழுதுங்கள். எதைச் செய்து சரிவரவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். அடுத்த தவணை தொடங்குவதற்கு முன் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பதிவாகப் போடுகிறேன். புதிதாக நியமனம் கிடைத்து இந்த மலைக்கு வருகிற தம்பி தங்கைகளுக்கு, "அதெல்லாம் புத்தகத்தில, இங்க சரிவராது" என்பதற்குப் பதிலாக, கையில் கொடுக்க ஏதாவது ஒன்று இருக்கட்டும்.